ஐந்துக்குப் பிறகு ஏழு

மலைக்குப் பறப்பதற்கு முந்தின நாள் மண் மாடலைச் சுற்றி நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேஜர் பொன்னப்பா. எங்கள் கம்பெனி கமாண்டர். குடகுக்காரர். காலில் பூட்ஸ் இல்லை. கையில் ஒரு மூங்கில் குச்சி.

விமானப்படை பைலட். பஞ்சாபி. நாங்கள் பைலட் சாப் என்றுதான் கூப்பிட்டோம்.

சுபேதார் நாயர். பாலக்காட்டுக்காரர். மேஜர் நினைப்பதை எங்களைச் செய்ய வைப்பவர்.

ஜோசப். நாகர்கோவில் பக்கம். வயர்லெஸ் செட் தூக்குகிறவன். அதிகம் பேச மாட்டான்.

மாணிக்கம். சேலம். ஜோசப்பின் செட்டுக்கு மாற்று பேட்டரி தூக்குகிறவன்.

வேலு. திருமுக்கூடல். வாய் ஓயாதவன்.

நான். உத்திரமேரூர். ஹவில்தார்.

இன்னும் ஒன்பது சிப்பாய்கள். பைலட்டையும் சுபேதாரையும் கழித்தால் பதினான்கு பேர். முதல் ஹெலிகாப்டரில் போக வேண்டியவர்கள் நாங்கள்தான்.

எந்த மலை, யாரை மடக்கப் போனோம் என்பதை எழுத மாட்டேன். எழுபதுகளின் கடைசி என்பது போதும்.

போன மாதம் ஒரு கட்சித் தலைவர் எங்கள் ஊருக்கு ஹெலிகாப்டரில் வந்தார். ஊரே மைதானத்துக்கு ஓடியது. நான் மாட்டுக் கொட்டகையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் முன்னாள் ராணுவத்தார் சங்கச் செயலாளர் அதைப் பார்த்துவிட்டார்.

"அதுலயே போய் வந்த ஆளு நீ. இன்னாத்துக்குப் பொத்திக்கினு குந்தினுகீற?"

நான் எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போட்டேன். "சரி, பேசாத. நம்ம சங்க மலருக்கு எழுதிக் குடு" என்றார். எட்டாவது படித்தவன் நான். தெரிந்தவரை எழுதுகிறேன்.

பட்டாளத்தில் சேர்ந்ததும், ஓடினதும், அடி வாங்கினதும் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை விடுகிறேன். ஹெலிகாப்டருக்கு வருகிறேன்.

சினிமாவில் பார்க்கிறவர்கள், ஏறி உட்கார்ந்தால் அது கொண்டுபோய் இறக்கும் என்று நினைக்கிறார்கள். மேஜர் அப்படித் திட்டம் போட மாட்டார். பின்னாலிருந்து முன்னால் வருவார். முதலில், மலை உச்சியில் யார் எந்தக் கல்லுக்குப் பின்னால் படுக்கிறான். அதற்கு அவன் எந்தப் பக்கமாக ஓட வேண்டும். அதற்கு ஹெலிகாப்டர் எந்த முகமாக இறங்க வேண்டும். அதற்கு உள்ளே யார் எந்த இடத்தில் உட்கார வேண்டும். அதற்கு இங்கே எந்த வரிசையில் ஏற வேண்டும். கடைசியில்தான் காலையில் எப்போது எழுந்து டீ குடிப்பது என்று வரும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் "அப்புறம்?" என்பார். பதில் வரும்வரை முகத்தையே பார்ப்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மண் மாடல் என்றால் மேஜை மேல் வைக்கிற சின்ன மாடல் இல்லை. ஒரு களத்து மேடு அளவுக்கு, தரையிலேயே மலையைச் செய்ய வைத்தார். செங்கல் தூளில் பாதை. நீல நூலில் ஓடை. சுண்ணாம்பில் இறங்குமிடம். பூட்ஸைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவரும் போய்த் தன் இடத்தில் நிற்க வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்வார்.

"வேலு, உன் வலது பக்கம் யார்?"

"பன்னெண்டாம் நம்பர் ஆளு சார்."

"இடது பக்கம்?"

"யாருமில்ல சார். பள்ளம்தான்."

"பள்ளத்திலிருந்து ஒருவன் ஏறி வருகிறான். அப்புறம்?"

வேலு கண்ணைத் திறந்துவிட்டான். "சார், சும்மா கேக்கும்போதே வயித்தக் கலக்குது."

"கலக்கட்டும். கை என்ன செய்கிறது, அதைச் சொல்."

அவர் யாரையும் பயப்படாதே என்று சொன்னதில்லை.

அடுத்தது எடை. ரேஷன் கிடங்கில் மூட்டை போடும் தராசு ஒன்று இருந்தது. எங்கள் ஊர் ரைஸ் மில் தராசு மாதிரி. துப்பாக்கி, தோட்டா, தண்ணீர், மூட்டையோடு ஒவ்வொருவனும் அதில் ஏற வேண்டும். மேஜர்தான் முதலில் ஏறினார். ஹெலிகாப்டருக்கு மலையில் பலம் குறைவு. வெயில் ஏற ஏற இன்னும் குறையும். காற்று லேசாகிவிடும் என்று பைலட் சாப் கையை விரித்துக் காட்டினார். அதனால் கடைசி நிமிஷத்தில் ஆட்களை இறக்க வேண்டி வரலாம். யாரை இறக்குவது என்று அங்கே நின்று பேச முடியாது. சத்தத்தில் காது கேட்காது.

அதற்கு எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவனுக்கும் ஒரு நம்பர். மூட்டையின் முதுகில் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருக்கும். மலை மேல் யார் இல்லாமல் முடியாதோ அவனுக்குச் சின்ன நம்பர். மேஜர் ஒன்று. ஜோசப் இரண்டு. நான் ஐந்து. மாணிக்கம் ஆறு. பைலட் ஒரு விரல் காட்டினால் பதினான்கு இறங்குவான். இரண்டு விரல் என்றால் பதின்மூன்றும் இறங்குவான். கேள்வி கிடையாது. இரண்டு பெஞ்சுகளை எதிரெதிராகப் போட்டு, சுபேதார் விரல் காட்டக் காட்ட, ஏறி இறங்கிப் பழகினோம்.

இறங்கின உடனே இன்னொரு வழக்கம். வட்டமாக, முகம் வெளிப்பக்கம் பார்க்கக் குப்புறப் படுக்க வேண்டும். ஹெலிகாப்டர் போனதும் ஒன்றிலிருந்து வரிசையாக நம்பர் சொல்ல வேண்டும். ஒரு நம்பர் வரவில்லை என்றால், அடுத்தவன் ஒரு மூச்சு பொறுத்துவிட்டுத் தன் நம்பரைச் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

வேலுவுக்குப் பதின்மூன்று கிடைத்தது.

"அண்ணே, எனக்குப் பின்னால ஒர்த்தன்தான் கீறான். அப்ப நான் எதுக்கும் ஒதவாத ஆளா?"

"வாய்க்கு நம்பர் குடுத்தா நீதான் ஒண்ணு" என்றேன்.

"பரவால்ல. எறங்கச் சொன்னா மொத ஆளா எறங்கிடுவேன். நம்ம ஊரு பஸ்ஸுல படிக்கட்டுல தொங்கினு போவேன். இதுல கதவே இல்லயே அண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மேஜர் கடைசியாகக் கேட்டது யாருக்கும் மறக்கவில்லை. குச்சியைச் சுண்ணாம்பின் மேல் வைத்து, "ஹெலிகாப்டர் இரண்டாவது தடவை வரவில்லை. அப்புறம்?" என்றார். சுபேதார் பைலட்டைப் பார்த்தார். பைலட் மலையைப் பார்த்தார்.

எங்களிடம் இருந்தது இரண்டு ஹெலிகாப்டர். ஒன்று பழுது. ஒன்றேதான் போய்ப் போய் வர வேண்டும். முதல் நடையில் நாங்கள் போய் உச்சியைப் பிடிக்க வேண்டும். அடுத்த நடைகளில் மற்றவர்கள் வர வேண்டும். கீழே ஓடையோரமாக இன்னொரு கம்பெனி நடந்து வந்து அந்தக் கூட்டத்தை மேலே துரத்தும். மேலே நாங்கள் இல்லாவிட்டால் அவர்கள் தப்பிவிடுவார்கள். மேலே நாங்கள் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மாணிக்கத்துக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. அவன் இடத்துக்குப் புது ஆளை எடுக்க நேரமில்லை. அவன் தூக்க வேண்டிய பேட்டரியை வேலு வாங்கித் தன் மூட்டையில் வைத்துக் கட்டினான். நான் பார்த்தேன். சுபேதார் பார்த்தார். ஜோசப் செட்டில் இருந்தது பழைய பேட்டரி. ஒத்திகையில் பாதிக்கு மேல் தீர்ந்தது. அது தீரும்வரை ஓட்டிவிட்டு, மேலே போய்ப் புதியதை மாட்டுவது என்று ஏற்பாடு.

பனி விலகவில்லை. காத்திருந்தோம். விலகும்போது வெயில் சுள்ளென்று வந்துவிட்டது.

ஏறினோம். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. அது காதுக்குள் வரவில்லை. பல்லில் வந்தது. ஹெலிகாப்டர் ஒரு முழம் எழும்பியது. ஆடியது. மறுபடி உட்கார்ந்தது. பைலட் சாப் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினார்.

இரண்டு விரல்.

பதினான்கு குதித்தான். பதின்மூன்று குதித்தான். பழகினபடி அவ்வளவு சுத்தமாகக் குதித்தார்கள். புழுதியில் வேலு குனிந்து ஓடுவதைப் பார்த்தேன். முதுகில் வெள்ளையாக 13. அவன் தப்பித்துக்கொண்டான் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. மேஜருக்கும் தோன்றவில்லை.

போகிற வழியில் நான் கீழே பார்க்கவில்லை. எதிரே இருந்தவன் பூட்ஸ் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சியில் அது தரையைத் தொடக்கூட இல்லை. குதித்தோம். ஓடினோம். படுத்தோம். அது எங்கள் தலைக்கு மேல் சாய்ந்து, பள்ளத்துக்குள் இறங்கிப் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த அமைதி இருக்கிறதே, அதுதான் எனக்கு மாட்டுக் கொட்டகையிலும் கேட்கிறது.

"ஒன்று" என்றார் மேஜர்.

"ரெண்டு."

"மூணு."

"நாலு."

"அஞ்சு" என்றேன் நான்.

யாரும் பேசவில்லை. ஒரு மூச்சு நேரம்.

"ஏழு" என்றான் அடுத்தவன்.

மாணிக்கம் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அஞ்சு என்றேன். ஆனால் அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான், ஆறு என்றால் ஆள் மட்டுமல்ல, பேட்டரி என்று உறைத்தது. ஆறாம் நம்பரின் சுமை பதின்மூன்றாம் நம்பரின் முதுகில் போனது. முதுகில் இருந்த சாக்பீஸை யாரும் மாற்றவில்லை. வேலு தன் நம்பரைப் பார்த்துத்தான் இறங்கினான். சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்தான்.

எண்ணி முடித்தார்கள். பன்னிரண்டு வரை வந்தது. ஆள் பதினொன்று.

நான் ஊர்ந்து மேஜரிடம் போனேன். சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. காது மட்டும் சிவந்தது.

"ஜோசப், செட்டில் எவ்வளவு இருக்கிறது?"

"ஒரு பேச்சு சார். ரெண்டு பேச்சு வந்தா தெய்வச் செயல்."

"அணை" என்றார். "நான் சொன்னால்தான் திறக்க வேண்டும்."

அப்போதே மேகம் வர ஆரம்பித்தது. எங்கள் பக்கம் ஏரிக்கரையில் மார்கழிப் பனி படிகிற மாதிரி இல்லை. கீழேயிருந்து மேலே ஏறி வந்தது. பள்ளம் மறைந்தது. பாதை மறைந்தது. எங்கள் உச்சி மட்டும் வெயிலில் தனியாக நின்றது.

கொஞ்ச நேரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. இரண்டாவது நடை. மேகத்துக்கு அந்தப் பக்கம் சுற்றியது. கீழேயிருந்து பார்த்தால் உச்சியும் மேகத்துக்குள்தான் இருக்கிறது என்று பைலட் நினைப்பார். மேலே வெளிச்சம் இருக்கிறது என்று நாங்கள் சொன்னால்தான் தெரியும். ஜோசப் செட்டின் மேல் கை வைத்துக்கொண்டு மேஜரையே பார்த்தான்.

மேஜர் கண்ணை மூடியிருந்தார்.

"சார்" என்றேன்.

"தூரம்" என்றார். "மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நடுவில் கல். பேச்சு போகாது. பேட்டரிதான் போகும்."

சத்தம் தேய்ந்தது. போய்விட்டது. பக்கத்தில் படுத்திருந்தவன் சத்தமில்லாமல் அழுதான். நான் மேஜரை மனசுக்குள் திட்டினேன். என்னென்ன திட்டினேன் என்று எழுத முடியாது.

மேகத்துக்குள் ஆள் குரல் கேட்டது. கீழே பாதையில். பேச்சு புரியவில்லை. ஒருவன் இருமினான். இருமல் மட்டும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எத்தனை பேர் என்று தெரியாது. குரல் நின்றது. கல் உருண்டது. மறுபடி பேச்சு. மேஜர் கையைத் தரையில் அழுத்திக் காட்டினார். சுடாதே. என் விரல் தானாகத் துப்பாக்கிக் குதிரைக்குப் போயிருந்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்தேன். கை என்ன செய்கிறது என்று அவர் கேட்பாரே என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் விரல்கள் புல்லைப் பிடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

குரல்கள் கீழே இறங்கிப் போயின. ஏன் போனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மத்தியானம் தாண்டி மறுபடி ஹெலிகாப்டர் சத்தம். மேஜர் கையை உயர்த்தினார். வைத்துக்கொண்டே இருந்தார். சத்தம் வளர்ந்தது. பல்லில் கேட்க ஆரம்பித்ததும் கையைக் கீழே போட்டார்.

ஜோசப் திறந்தான். "மேலே வெளிச்சம். புகை போடுகிறோம். கிழக்கே இருந்து வா" என்று இந்தியில் சொன்னான். திருப்பிச் சொல்வதற்குள் செட் செத்துப் போனது. கேட்டதா இல்லையா என்று தெரியாது. நான் புகைக் குண்டைப் பிடுங்கிப் போட்டேன். அந்தப் புகை எங்களுக்கும் அடையாளம். கீழே இருப்பவனுக்கும் அடையாளம்.

மேகத்தைக் கிழித்துக்கொண்டு அது வந்தது. கொஞ்சம் ஆட்கள்தான் ஏற்றி வந்திருந்தார்கள். முதலில் குதித்தவன் வேலு. பேட்டரியை முதுகில் வைக்காமல் பிள்ளையைப் போல மார்பில் அணைத்திருந்தான். ஜோசப் கையில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தான்.

அப்போதுதான் அவன் மூட்டையைப் பார்த்தேன். 13இல் 3 அழிந்திருந்தது. எச்சில் தொட்டு அழித்த தடம். ஒன்று மட்டும் இருந்தது.

மேஜரும் பார்த்தார். "நான்தான் ஒன்று. நீ யார்?"

"சார், பைலட் சாப் மறுபடி வெரல் காட்டினாரு. பெரிய நம்பருங்க எல்லாம் எறங்குனாங்க. இந்தத் தடவ எறங்கக் கூடாதுன்னு நான்தான் அழிச்சிக்கினேன்."

"பயமாக இல்லையா?"

"பேதியாவுது சார்."

மேஜர் அந்த ஒன்றையும் கையால் அழித்தார். "இனிமேல் நீ ஆறு" என்றார்.

புது பேட்டரி வந்த பிறகு மற்ற நடைகள் வந்தன. உச்சி நிறைந்தது. கீழேயிருந்து துரத்தி வந்தார்கள். சண்டை நடந்தது. அது நடக்கும்போது பயம் அவ்வளவு இல்லை. கைக்கு வேலை இருந்தது.

மறுநாள் எங்களைத் திருப்பி எடுக்க இரண்டு ஹெலிகாப்டரும் வந்தன. பழுதாகிக் கிடந்ததையும் சரிசெய்துவிட்டார்கள். முதலில் போன பதினொரு பேரோடு வேலுவையும் சேர்த்து, பன்னிரண்டு பேரைப் பாதி பாதியாக மேஜர் பிரித்தார்.

"ஹவில்தாரும் வேலுவும் பக்கத்துப் பக்கத்து ஊரா?"

"இல்ல சார், பஸ்ஸு மாறிப் போவணும்" என்றான் வேலு.

"இருந்தாலும் வேறு வேறு" என்றார். ஒரே பக்கத்துக்கு இரண்டு சாவுத் தந்தி போகக் கூடாது என்பது அவர் வழக்கம். யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல மாட்டார். எல்லோருக்கும் தெரியும். நான் முதல் ஹெலிகாப்டர். அவர், ஜோசப், வேலு இரண்டாவது.

"அண்ணே, கீழ போய் எனக்கும் சேத்து டீ சொல்லி வை" என்றான் வேலு.

நாங்கள் எழும்பினோம். பின்னால் அவர்கள் எழும்பும்போது கீழே புதரிலிருந்து சுட்டார்கள். எங்கள் ஹெலிகாப்டர் திரும்பியபோது கதவில்லாத ஓட்டை வழியாகப் பார்த்தேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கரும்புகை வந்தது. சாய்ந்தபடியே மேகத்துக்குள் போய்விட்டது. பிறகு மேகம்தான் தெரிந்தது.

முகாமில் இறங்கினோம். சுபேதார் நாயர் ஓடி வந்தார். "மத்தது எவிடே? மேஜர் எவிடே?" என்று மலையாளத்திலேயே கேட்டார். நான் வானத்தைக் காட்டினேன்.

நின்றோம். யாரும் உட்காரவில்லை. ஒருத்தன் டீ கொண்டுவந்தான். இரண்டு டம்ளர் வாங்கினேன். இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அது வந்தது. நேராக வரவில்லை. வால் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கமாக வந்து தரையில் மோதி, ஒரு சக்கரம் மடிந்து நின்றது. புழுதியும் புகையும் எல்லாவற்றையும் மறைத்தன. அதற்குள்ளிருந்து ஆட்கள் விழுந்து விழுந்து வந்தார்கள். யார் என்று தெரியவில்லை. "வட்டம்!" என்று மேஜர் குரல் கேட்டது. அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். டம்ளர்களைப் போட்டுவிட்டு ஓடினேன். முதல் ஹெலிகாப்டரில் வந்தவர்களும் ஓடினார்கள். முகம் வெளிப்பக்கம் பார்க்கக் குப்புற விழுந்தோம்.

"ஒன்று."

"ரெண்டு." ஜோசப். சன்னமாக.

"மூணு."

"நாலு."

அடுத்தது என் நம்பர். நான் சொன்னால்தான் அடுத்தது வரும். அடுத்தது வராவிட்டால் என்ன செய்வது? சொல்லாமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது. மண்ணைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

"அஞ்சு."

யாரும் பேசவில்லை.

ஒரு மூச்சு நேரம்.

"ஏழு" என்றான் அடுத்தவன். அவன் குரல் உடைந்திருந்தது.

"எட்டு."

"ஒம்பது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கூடாது என்பதற்காக இல்லை. கழுத்து திரும்பவில்லை. திருமுக்கூடலுக்கு எந்த பஸ்ஸில் போவது, அவன் வீட்டில் யாரிடம் முதலில் சொல்வது என்று மனசு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பத்து."

"பதினொண்ணு."

"பன்னெண்டு."

முடிந்தது. எழுந்திருக்க வேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை.

எனக்குப் பின்னால், புகைக்குள்ளிருந்து, இருமிக்கொண்டே ஒருவன் சொன்னான்.

"பதிமூணு."

மேஜர் தலையைத் தூக்கினார். "நீ ஆறு என்று சொன்னேன் அல்லவா?"

"பயத்துல பழசுதான் சார் வாயில வந்துச்சி."

யாரும் சிரிக்கவில்லை. சுபேதார் நாயர் யார் எண்ணியதையும் நம்பவில்லை. வட்டத்தைச் சுற்றி நடந்து, குனிந்து, ஒவ்வொருவன் முதுகிலும் கை வைத்து, தானே எண்ணினார். என் முதுகில் வைத்த கையை அவர் உடனே எடுக்கவில்லை.

பன்னிரண்டு.